ஏற்காட்டுச் செம்மண்ணில் ஓட்டிய ஆர்.சி. பக்கியைக் கழுவிய பிறகு பேரிங்குகள் இறுகிவிட்டன: எப்படிச் சுத்தம் செய்வது?

மூக்கனேரிக்கரை

வணக்கம். நான் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். 1/10 அளவில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் மின்சாரப் பந்தய பக்கி (ரிமோட்டில் ஓடும் சிறிய ஆர்.சி. கார்) ஒன்றை ஒன்றரை ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சென்சார் உள்ள பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. பெரும்பாலும் காய்ந்த மண் தரையில்தான் ஓட்டுவேன். ஓட்டி முடித்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுவதோடு சரி. அதற்கு மேல் எதுவும் செய்ததில்லை, வண்டியும் தொல்லை கொடுத்ததில்லை.

சென்ற மாதம் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்தில், லாரி திரும்புவதற்காகச் சமன் செய்து வைத்திருந்த இடத்தில் ஓட்டினோம். முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. அரை மணி நேரத்தில் சேசிஸ் முழுவதும் செம்மண் அப்பிக்கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தைத் தாண்டியதும், இருசக்கர வாகனங்களைக் கழுவும் இடம் ஒன்றில் நிறுத்தி, பேட்டரியையும் ரிசீவரையும் கழற்றிவிட்டு, தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவினேன். வண்டி புதிது போலாயிற்று. துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு அலமாரியில் எடுத்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், பின்சக்கரங்கள் இரண்டும் கையால் சுற்றும்போது கரகரவென்கின்றன. முன் இடது சக்கரம் கிட்டத்தட்ட இறுகிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் உள்ளே ஏதோ உரசும் சத்தம் கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. பின்பக்க ஷாக் (அதிர்வுதாங்கி) ஒன்றில் எண்ணெய் கசிந்திருக்கிறது. நான் செய்த தவறு எது, இப்போது எதையெல்லாம் காப்பாற்ற முடியும், இனி மலையில் ஓட்டிவிட்டு வந்தால் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூரமங்கலம் பட்டறை

தம்பி, உங்கள் வண்டியைக் கெடுத்தது சேறு அல்ல, அதைக் கழுவிய விதம். முப்பது ஆண்டுகள் விசைத்தறிகளுக்குப் பேரிங் மாற்றிய அனுபவத்தில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

பேரிங்கின் இரு பக்கமும் உள்ள மூடி தூசியைத் தடுப்பதற்காக இருப்பது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தடுக்க அதனால் முடியாது. அழுத்தத்தில் வந்த தண்ணீர், வெளியே ஒட்டியிருந்த நயமான களிமண்ணையும் சேர்த்துக்கொண்டு மூடியின் விளிம்பு வழியே உள்ளே போயிருக்கிறது. போனதும் உள்ளிருந்த கிரீஸை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, குண்டுகளுக்கு இடையில் தங்கிவிட்டது. வெயிலில் வைத்தால் மேற்பரப்புதான் காயும். மூடிக்குப் பின்னால் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. அது பத்து நாளும் அங்கேயே இருந்து துருவை உண்டாக்கியிருக்கிறது. சக்கரங்களைக் கழற்றாமல் கழுவியதால் அச்சின் உள்பக்கப் பேரிங்குகளும் இதே நிலையில்தான் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது, எல்லாப் பேரிங்குகளையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பது. அழுக்கினால் வரும் கரகரப்பு கழுவினால் போய்விடும். துரு பள்ளம் பறித்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அதே இடத்தில் விரலுக்குத் தட்டும், அதை எறிந்துவிடுங்கள். கழுவுவதற்கு, ரப்பர் மூடி போட்ட பேரிங்காக இருந்தால் பிளேடின் நுனியால் மூடியின் உள்விளிம்பை மெதுவாக நெம்பி எடுங்கள். சிறிய கண்ணாடிப் புட்டியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, பேரிங்குகளைப் போட்டுக் குலுக்கி, கலங்கல் நிற்கும் வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். பெட்ரோலும் அழுக்கை எடுக்கும், ஆனால் அது ரப்பர் மூடியை உப்ப வைத்துவிடும்; தீ அபாயமும் உண்டு. நன்றாக உலர்ந்த பிறகு சக்கரப் பேரிங்குகளுக்குச் சிறிது கிரீஸும் மோட்டார் பேரிங்குகளுக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயும் இட்டு மூடியைப் பொருத்துங்கள். வேகமாகச் சுழலும் பேரிங்கில் கிரீஸை நிறைத்தால் அதுவே சூட்டை உண்டாக்கும்.

மாற்ற வேண்டியிருந்தால் பொம்மைக் கார் உதிரிபாகம் என்று தேடி அலைய வேண்டாம். அச்சில் இருப்பவை 5 மி.மீ. துளை, 10 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. தடிமன் கொண்டவையாக இருந்தால் அவற்றின் எண் எம்.ஆர். 105, டிஃபரன்ஷியலில் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் 10, 15, 4 அளவுக்கு 6700. உங்கள் வண்டியில் உள்ளதை அளந்துகொண்டு பேரிங் கடையில் எண்ணைச் சொல்லுங்கள். பின்னால் 2ஆர்.எஸ். என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்.இசட். என்றிருந்தால் தகடு. மண்ணில் ஓட்டும் உங்களுக்கு ரப்பர் மூடியே ஏற்றது.

பஞ்சர் கடைக் கம்பிரசரால் காற்றடித்துக் காய வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அந்தத் தொட்டியின் அடியில் காற்றிலிருந்து பிரிந்த தண்ணீர் எப்போதும் கொஞ்சம் நிற்கும். வால்வைத் திறந்து வடிக்காவிட்டால் அது காற்றோடு சேர்ந்து வரும். அது மட்டுமல்ல, பேரிங்கை நேராகப் பார்த்துக் காற்றடித்தால் தூசி உள்ளே போகும். எண்ணெய் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சுழன்று தானே தேய்ந்தும் போகும். கணினியைச் சுத்தம் செய்யும் சிறிய புளோயர் போதும், அதையும் சாய்வாகப் பிடியுங்கள்.

டபிள்யூ.டி.-40 அடித்தால் போதாதா என்று அடுத்து ஒருவர் கேட்பார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் தண்ணீரை விலக்குதல் என்பதையே குறிக்கின்றன. ஈரத்தை விரட்ட அது நல்லது; ஆனால் அதன் பிறகு மீதமாகும் படலம் பேரிங்குக்குப் போதாது. அடித்துத் துடைத்த பிறகு உரிய எண்ணெயைத் தனியே இட வேண்டும்.

கஞ்சமலைச் சாரல்

பேரிங்குகள் பற்றிச் சூரமங்கலம் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் சத்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் எப்போதாவது சித்தர் கோவில் பக்கம், கஞ்சமலையை ஒட்டிய மண்ணில் ஓட்டியிருக்கிறீர்களா?

கஞ்சமலை இரும்புத்தாது மலை என்பது சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாது மாக்னடைட். காந்தத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும் வகை. மழையில் அரித்து இறங்கும் மண்ணில் அதன் கருந்துகள்கள் கலந்திருக்கின்றன. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு அங்குள்ள ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்பு மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொண்டு வரும். பிரஷ்லெஸ் மோட்டாரின் சுழலும் தண்டிலேயே வலுவான நியோடிமியக் காந்தம் இருக்கிறது. பந்தய மோட்டார்களில் சூடு வெளியேறுவதற்கென்று திறந்த துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியே நுழையும் சாதாரண மண் வந்த வழியே உதிர்ந்துவிடும், மாக்னடைட் உதிராது. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் அது படிந்துகொண்டே போய் உரசத் தொடங்கும். கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் தூசி பார்ப்பதற்கு அருவருப்பாக எல்லா இடத்திலும் படிந்தாலும், காந்தத்தில் ஒட்டாததால் இந்த வகையில் தீங்கற்றது. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் கஞ்சமலை மண்தான் மோட்டாருக்குப் பகை.

மோட்டாரைத் திறப்பதற்கு முன் பின்மூடியின் டைமிங் குறி (மூடி எந்தக் கோணத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் கோடு) எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுழல் தண்டைப் பிரித்து எடுத்ததும் பிரஷ்ஷால் தேய்க்க முயலாதீர்கள். துகள்கள் ஓரிடத்திலிருந்து நகர்ந்து இன்னோரிடத்தில் ஒட்டும், அவ்வளவுதான். ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தை அழுத்தி அழுத்தி எடுங்கள். நாடா வெள்ளையாக வரும் வரை மாற்றுங்கள். காந்தம் எளிதில் உடையும், கீழே விழவிடாதீர்கள். மேசையில் திருகாணிகளும் இரும்புத் துகளும் இல்லாத இடத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள். சென்சார் பலகை ஈரமாகவே கூடாது. சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள்: சாதாரண நியோடிமியக் காந்தங்கள் 80 பாகை செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், இழந்த வலு ஆறிய பிறகும் முழுமையாகத் திரும்பாது.

சேர்வராயன் தோட்டம்

நான் ஏற்காட்டில் வசிப்பவன், இந்த மண்ணோடுதான் ஆண்டு முழுவதும் ஓட்டுகிறேன். தண்ணீரே கூடாது என்று மேலே யாரும் சொல்லவில்லை என்றாலும், படிப்பவர்கள் அப்படிப் புரிந்துகொண்டு சேற்றைக் காயவிட்டுத் தட்டி எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சமவெளித் தூசிக்கு அது சரி. இங்குள்ள செம்மண்ணுக்கு அது பொருந்தாது. காய்ந்தால் செங்கல்லாக இறுகி, ஹின்ஜ் பின்களுக்குள்ளும் (சஸ்பென்ஷன் கைகள் மேலும் கீழும் அசைய உதவும் அச்சுக் கம்பிகள்) பந்து மூட்டுகளுக்குள்ளும் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு பிளாஸ்டிக்கைச் சுரண்டாமல் அதை எடுக்க முடியாது.

ஆகவே நான் ஓட்டிய இடத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுவேன். சக்கரங்கள், மேல் உடல், பேட்டரி மூன்றையும் கழற்றி, மோட்டாரின் மேல் துணியைச் சுற்றிவிடுவேன். செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரோடு சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கியால் பகுதி பகுதியாக நனைத்துத் துடைத்து எடுப்பேன். மொத்தம் அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் செலவாகாது. வண்டியின் மூக்கைக் கீழே சாய்த்துப் பிடித்தால் சேற்றுநீர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பக்கம் ஓடாமல் முன்னால் வடிந்துவிடும். மேல் உடலுக்குத் தின்னரைத் தொடவே கூடாது, பாலிகார்பனேட் வெடித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஹின்ஜ் பின்களை உருவித் துடைத்து, எண்ணெய் இடாமல் உலர்ந்தபடியே திரும்பச் செருகுவேன். எண்ணெய் இட்டால் அடுத்த முறை மண் அதில் குழைந்து தேய்க்கும் பசையாகிவிடும். ஷாக்கைப் பிரித்துவிட்டுச் சஸ்பென்ஷன் கையைத் தூக்கி விட்டால் அது தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் இன்னும் மண் இருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் ஸ்பர் சக்கரத்துக்கும் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) இதே காரணத்தால் கிரீஸ் கூடாது. மோட்டாரைத் திரும்பப் பூட்டும்போது பினியனுக்கும் (மோட்டார் தண்டிலுள்ள சிறிய பல்சக்கரம்) ஸ்பருக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றைக் கொடுத்து இறுக்கி, பிறகு தாளை உருவிவிடுங்கள். பற்களிடையே விரலுக்கு உணரும் அளவில் சிறு அசைவு இருக்க வேண்டும். இரும்போடு இரும்பு சேரும் திருகாணிகளுக்கு மட்டும் நீல நிறத் திரெட்லாக் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) இடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடும்.

டயரை மறந்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஒரு சக்கரம் கனமாகவும் ஒன்று இலேசாகவும் சுழன்று பேரிங்குகளை உலுக்கும். காற்றுத்துளை கீழே இருக்கும்படி இரண்டு நாள் சாய்த்து வையுங்கள்.

கசிந்த ஷாக்கில் ஓ-வளையம் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். தண்டில் கீறல் இருந்தால் புதிய வளையமும் சில நாளில் கிழியும் என்பதால் தண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் நிரப்பிய பிறகு பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழிகள் எல்லாம் மேலே வரும் வரை கால் மணி நேரம் நிற்க வையுங்கள். அவசரப்பட்டு மூடினால் இடதும் வலதும் ஒரே மாதிரி இயங்காது. சிலிக்கான் எண்ணெயும் வெப்பத்தில் இளகும். சேலத்துச் சித்திரை வெயிலில் 40 எண் எண்ணெய் (எண் கூடினால் எண்ணெய் கெட்டி) போட்டு ஓட்டும் வண்டியை அப்படியே மேலே கொண்டுவந்தால், இந்தக் குளிரில் அது விறைப்பாகத் துள்ளும். நான் இங்கே 35 எண்ணையே பயன்படுத்துகிறேன்.

அம்மாப்பேட்டை நைட்ரோ

என்னுடையது 1/8 அளவு நைட்ரோ வண்டி (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் என்ஜின் உள்ளது) என்பதால் ஒன்றிரண்டு செய்திகள் மட்டும். எங்களுக்குக் காற்று வடிகட்டியே உயிர். எண்ணெய் ஊறிய ஃபோம் காய்ந்துவிட்டால் ஒரே நாள் தூசியில் சிலிண்டர் தேய்ந்துவிடும். ஓட்டி முடித்ததும் தொட்டியை வடித்து, என்ஜினில் மிஞ்சிய எரிபொருளையும் எரித்துத் தீர்த்துவிட வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருக்கும் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

மின்சார வண்டிக்கும் பொருந்துவது ஒன்று உண்டு. எங்கள் தெருக்களில் தறி நூல் கழிவு எங்கும் கிடக்கும். அது அச்சில் சுற்றிக்கொண்டு பேரிங்கின் மூடியை உள்ளே தள்ளிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் ஹெக்ஸுக்குப் (சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் அறுகோணத் துண்டு) பின்னால் பார்த்து, இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மலைப்பக்கம் ஓட்டுபவர்களுக்குப் புல்லின் நார் இதே வேலையைச் செய்யும்.

மூக்கனேரிக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஞாயிறு முழுவதும் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரப் பேரிங்குகள் எட்டில் மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்ற ஐந்திலும் கழுவிய பிறகும் விரலுக்குத் தட்டுகிறது. எம்.ஆர். 105 என்று எண்ணைச் சொன்னதும் கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். டிஃபரன்ஷியல்களுக்குள் தண்ணீர் போகவில்லை, எண்ணெய் தெளிவாகவே இருந்தது.

கஞ்சமலைச் சாரல் அவர்கள் கேட்டது உண்மைதான். கோடையில் நான்கைந்து முறை சித்தர் கோவில் பக்கம் ஓட்டியிருக்கிறேன். மோட்டாரைத் திறந்தபோது காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மாவு பூசியது போல் இருந்தது. ஒட்டுநாடா ஒன்பது துண்டுகள் தேவைப்பட்டன. இப்போது சத்தம் நின்றுவிட்டது, பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் கை வைத்துப் பொறுக்க முடிகிறது. துளைகளின் மேல் மெல்லிய நைலான் வலை ஒட்டலாமா? இன்னொன்று, பின் இடது சக்கரம் முழுவதும் திரும்பியிருக்கும் நிலையில் டக் டக்கென்று தட்டுகிறது, பேரிங் புதியதுதான்.

சூரமங்கலம் பட்டறை

வலை ஒட்டலாம், ஆனால் சூடு வெளியேறுவது குறையும். முதல் சில ஓட்டங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சூட்டைப் பாருங்கள், கூடினால் எடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஓட்டிய நாளெல்லாம் மோட்டாரைத் திறந்து துடைப்பதே நல்லது. பின்சக்கரம் திரும்பாது என்பதால் நீங்கள் சொல்வது சஸ்பென்ஷன் முழுவதும் கீழே இறங்கிய நிலை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தத் தட்டல் சி.வி.டி. மூட்டின் (சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டின் வளையும் மூட்டு) குறுக்குப் பின்னிலிருந்து வருகிறது. அதை எடுத்துப் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய பின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், அதைப் பிடிக்கும் சிறு திருகாணிக்கு நீலத் திரெட்லாக் இட்டு ஓரிரவு காயவிட்ட பிறகு ஓட்டுங்கள்.