ஸ்கூல்ல "வளர்ச்சி நிதி"ன்னு 20,000 கேக்கறாங்க, கட்டலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை அம்மா:

வணக்கம். பையன் ஏழாவது, பொண்ணு யூகேஜி, ரெண்டும் ஒரே மெட்ரிக் ஸ்கூல். பேரு வேணாம், அந்த ஸ்கூல் பேரன்ட்ஸ் இங்கயே நாலு பேர் இருப்பீங்க. போன வாரம் ஆண்டு விழா. பசங்க டான்ஸுக்கு முன்னாடி கரஸ்பாண்டன்ட் சார் மைக்க புடிச்சவரு முக்கா மணி நேரம் வுடல, குட்டிங்கல்லாம் மேக்கப்போட ஸ்டேஜ் பின்னாடி தூங்கிடுச்சுங்க. வழவழன்னு ஒரு புக்கு வேற கொடுத்தாங்க. முதல் பாதி இந்த வருஷம் என்ன சாதிச்சோம்ன்றது, பத்தாவதுல நூத்துக்கு நூறு பாஸ், அபாகஸ்ல கப்பு, சிலம்பத்துல மெடலு, ரெண்டு ரூமுக்கு ஏசி போட்டு ஸ்மார்ட் கிளாஸ். மீதி பாதி அடுத்த அஞ்சு வருஷம். மாதவரம் தாண்டி இடம் வாங்கியாச்சாம், அங்க சிபிஎஸ்இ ஸ்கூல் வருதாம், ரோபோட்டிக்ஸ் லேப், நீச்சல் குளம்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் போட்டிருக்கு, அந்தப் படத்துல நடக்கற பசங்க ஒண்ணு கூட நம்ம ஏரியா பசங்க மாதிரி இல்ல.

கடைசி பக்கத்துல தான் மேட்டரே. ஒரு பிள்ளைக்கு 20,000 "வளர்ச்சி நிதி", ரெண்டு பேர்னா 35,000. டெபாசிட் தான், டிசி வாங்கறப்ப திருப்பிக் கொடுத்துடுவோம்னு கிளாஸ் மிஸ் சொல்றாங்க. கட்டுனவங்களுக்குப் புது கேம்பஸ்ல முதல்ல சீட்டாம். ஏற்கனவே கட்டுன ஒருத்தங்க ரசீது காமிச்சாங்க, அதுல டிரஸ்ட் பேரு போட்டு நன்கொடைன்னு இருக்கு. வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல கான்ட்ராக்ட் வேலை, மாசாமாசம் இவ்ளோ வரும்னு சொல்ல முடியாது. ஸ்கூல் நெஜமாவே வளருதா, இல்ல நம்ம துட்டுல கட்டடம் கட்டிக்கறாங்களா? கட்டலன்னா பசங்கள ஏதாவது பண்ணுவாங்களோன்னு தான் பயமே.

கணக்கு நோட்டு:

அக்கா, நான் கொஞ்ச வருஷம் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாத்தவன். அந்த ரசீத வெச்சே முடிவு பண்ணிடலாம். டெபாசிட்னா திருப்பித் தரணும், நன்கொடைன்னா கொடுத்தது கொடுத்தது தான். நாளைக்கு டிசி வாங்கப் போறப்ப பேப்பர்ல இருக்கறது தான் செல்லும், வாயால சொன்ன மிஸ் அதுக்குள்ள வேற ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க.

இன்னொரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியாது. 2009ல தமிழ்நாட்டுல கட்டண முறைப்படுத்தும் சட்டம் வந்துச்சு, ரிட்டயர்ட் ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமைல ஒரு கமிட்டி. ஸ்கூல் எங்க இருக்கு, என்ன வசதி இருக்கு, நிர்வாகத்துக்கும் மெயின்டனன்ஸுக்கும் எவ்ளோ செலவுன்னு பாத்து கிளாஸ் வாரியா ஃபீஸ் போடுவாங்க, அது மூணு வருஷத்துக்குப் பொருந்தும். கமிட்டி எதெல்லாம் கணக்குல எடுக்கணும்னு சட்டத்துல ஒரு லிஸ்ட் இருக்குல்ல, அதுல பள்ளியோட வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரின்னு ஒரு வரி இருக்கு. அதாவது அவங்க வளர்றதுக்கான காசு உங்க டேர்ம் ஃபீஸ்லயே இருக்கு, நீங்க கட்டிட்டுத் தான் இருக்கீங்க. அதுக்கு மேல வாங்குனா 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதே சட்டம் சொல்லுது (எத்தன பேர் உள்ள போனாங்கன்னு மட்டும் கேக்காதீங்க).

சீட்டுக்காக வாங்கறது இன்னும் மோசம். மத்திய அரசோட கல்வி உரிமைச் சட்டம் 13வது பிரிவு, அட்மிஷன் போடறப்ப அறிவிச்ச ஃபீஸுக்கு மேல நன்கொடை, பங்களிப்புன்னு எந்தப் பேர்ல வாங்குனாலும் அது கேபிடேஷன் (சீட்டுக்காக வாங்கற காசு) தான், வாங்குன தொகைல பத்து மடங்கு வரைக்கும் அபராதம். முன்னுரிமை சீட்டுன்னு புக்குலயே அச்சடிச்சிருக்காங்கன்னா தைரியம் தான். அந்த புக்க தூக்கிப் போட்டுடாதீங்க.

சாக்பீஸ் டீச்சர்:

காசு விஷயம் தம்பி சொல்லிட்டாரு. நான் அந்த நூத்துக்கு நூறு பத்தி சொல்றேன், நார்த் மெட்ராஸ்லயே ரெண்டு மூணு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை பாத்திருக்கேன்.

2017லேர்ந்து ஸ்டேட் ஃபர்ஸ்ட், டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட் அறிவிக்கறத கவர்மென்ட் நிறுத்திடுச்சு. அப்பறம் ஃப்ளெக்ஸ்ல போட மிச்சம் இருந்தது இந்த நூறு சதவீதம் மட்டும் தான், அதுக்கு நடக்கற அடிதடி சொல்லி மாளாது. எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போட முடியாது, அதனால வடிகட்டறது ஒன்பதாவதுல. நான் இருந்த ஒரு ஸ்கூல்ல அரைப் பரீட்சை பேப்பர் கொடுத்த கையோட பேரன்ட்ஸ கூப்புடுவாங்க, அம்மா மட்டும் வந்தா நாளைக்கு அப்பாவ கூட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க, ரெண்டு பேரும் வந்ததும் பேப்பர மேஜைல விரிச்சு வெச்சுட்டு "இங்க இருந்தா பையன் வாழ்க்கை வீணாப் போயிடும், நாங்களே கான்டக்ட் நல்லா போட்டு டிசி கொடுக்கறோம், கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேத்துடுங்க"ன்னு பாசமா பேசுவாங்க. பக்கத்துல சப்ஜெக்ட் டீச்சர்னு நான் நின்னுட்டு இருப்பேன். அந்த அப்பா என்னைத் தான் பாப்பாரு.

அதனால எத்தன பர்சன்ட்னு கேக்காதீங்க. போன வருஷம் ஒன்பதாவதுல எத்தன பேர், இந்த வருஷம் பத்தாவது எழுதுனது எத்தன பேர்னு கேளுங்க. ஆபீஸ்ல சொல்லலன்னா யூடைஸ் பிளஸ்னு மத்திய அரசோட பள்ளி விவர வெப்சைட்ல ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு இருக்கு, கிளாஸ் வாரியா எண்ணிக்கை போட்டிருப்பாங்க. அதே மாதிரி உங்க பையனுக்கு நாலாவதுல கணக்கு எடுத்த டீச்சர் இப்ப அங்க இருக்காங்களான்னு பையனையே கேளுங்க. டீச்சர் தங்காத ஸ்கூல் எவ்ளோ ஏசி போட்டாலும் வளரல. வாய்ல வருது, எங்க சம்பளத்த இங்க சொல்ல விரும்பல.

வியாசை வேன்:

அக்கா நீச்சல் குளத்த வுடு, இப்ப இருக்கற ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வருதா? தண்டையார்பேட்டைலேர்ந்து மாதவரம் தாண்டி டெய்லி வேன்ல போறதுன்னா இன்னா கதின்னு அந்த கரஸ்பாண்டன்ட்ட ஒரு தபா காலைல எட்டு மணிக்கு கன்டெய்னர் லாரி லைன் கட்டி நிக்கறப்ப வந்து பாக்க சொல்லு. கணேசபுரம் சப்வே பக்கம் மழை பேஞ்சா இன்னா ஆவும்னு நான் சொல்லத் தேவையில்ல. யூகேஜி பொண்ண ஆறரைக்கு எழுப்பணும் அக்கா. வேன் ஃபீஸு வேற தனி.

பெரம்பூர் அப்பா:

எல்லா ஸ்கூலையும் ஒரே மாதிரி பேசறதும் சரியில்லன்னு நெனைக்கறேன். எங்க பசங்க படிக்கறது சின்ன ஸ்கூல், ஒரு வீட்டு மாடில ஆரம்பிச்சது. ஒவ்வொரு மாடியா ஏத்துனாங்க, ஒரு பைசா எங்கள கேக்கல, பேங்க் லோன்னு வெளிப்படையா சொன்னாங்க. கல்வி உரிமைச் சட்டப்படி கொடுக்கற 25 சதவீத இலவச சீட்டுக்கு கவர்மென்ட்லேர்ந்து வர வேண்டிய காசு லேட்டாகறது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், 2025ல மத்திய நிதி வராம அந்த அட்மிஷனே அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. சின்ன ஸ்கூல்காரங்க பாடு திண்டாட்டம். 2002ல டி.எம்.ஏ. பைன்ற தனியார் கல்வி நிறுவன கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே வளர்ச்சிக்கு நியாயமான உபரி வெச்சுக்கலாம், லாப வேட்டையும் கேபிடேஷனும் தான் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா சிபிஎஸ்இ விஷயத்துல உஷாரா இருங்க மேடம். இடம் வாங்கிட்டா சிபிஎஸ்இ ஆயிடாது. மாநில அரசோட தடையில்லாச் சான்று, கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம்னு எல்லாம் கைல இருந்தா தான் போர்டு பாக்கும். அந்த சர்டிஃபிகேட்லாம் சும்மா ஃபார்மாலிட்டின்னு யாராவது சொன்னா கும்பகோணத்த நெனச்சுக்கோங்க, 2004 ஜூலை 16, ஸ்கூல் கூரை பத்திகிட்டு 94 பசங்க செத்தாங்க. அஃபிலியேஷன் நம்பர் எங்கன்னு கேளுங்க, இருந்தா சிபிஎஸ்இயோட சாரஸ் வெப்சைட்லயே தேடிப் பாத்துடலாம். "சிபிஎஸ்இ பேட்டர்ன்"னு இழுத்தா நம்பர் இல்லன்னு அர்த்தம்.

தண்டையார்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு வந்தாரு, ரெண்டு பேரும் ஆபீஸ் போனோம். டீச்சர் மேடம் சொன்ன மாதிரியே கேட்டேன். கிளார்க் பொண்ணு ரெஜிஸ்டர எடுக்கப் போச்சு, அதுக்குள்ள உள்ள இருந்து ஏஓ (நிர்வாக அலுவலர்) வந்து "இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு, உங்க பையன் ஏழாவது தானே"ன்னாரு. சரின்னு வீட்டுக்கு வந்து யூடைஸ்ல பாத்தா ஒன்பதாவதுல 78 பேர் இருந்தாங்க, அடுத்த வருஷம் பத்தாவதுல 61. அஃபிலியேஷன் நம்பர் கேட்டதுக்கு ப்ராசஸ்ல இருக்குன்னாங்க. பையன்ட்ட டீச்சர் பத்தி கேட்டா அவன் வெரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டான்.

அந்த 35,000 கட்டப் போறதில்ல. டேர்ம் ஃபீஸ் மட்டும் கரெக்டா கட்டிடுவோம். ஆனா அத எப்படி சொல்றது, வாயால சொன்னா போதுமா? நாளைக்கு அத வெச்சே டிசிய நிறுத்துனா என்ன பண்றது?

கணக்கு நோட்டு:

வாயால சொல்லாதீங்க அக்கா, அப்பறம் யார் என்ன சொன்னாங்கன்றதே சண்டையாயிடும். ஒரு பக்கத்துல லெட்டர், கமிட்டி நிர்ணயிச்ச ஃபீஸ முழுசா கட்டிட்டு வர்றோம், வளர்ச்சி நிதி எங்களால முடியாது, இது கட்டாயம்னா எந்த உத்தரவுப்படின்னு எழுத்துல தெரிவிக்கவும், அவ்ளோ தான். கோவமா ஒரு வார்த்தையும் வேணாம். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க. டிசிக்கு பயப்படாதீங்க, ஃபீஸ் பாக்கி இருந்தாலே டிசிய புடிச்சு வெக்கக் கூடாதுன்னு ஹைகோர்ட் 2024ல சொல்லியிருக்கு, உங்களுக்கு பாக்கியே இல்ல. அதுக்கும் மசியலன்னா தனியார் பள்ளிகளுக்குன்னே தனியா மாவட்டக் கல்வி அலுவலர் இருக்காரு, லெட்டர் காப்பியோட அந்த வழவழ புக்கோட கடைசி பக்கத்தையும் ஜெராக்ஸ் போட்டு அங்க கொடுங்க. அந்த ரசீது காமிச்சவங்களையும் கூட கூப்புடுங்க, நாலஞ்சு பேரன்ட்ஸா போனா ஆபீஸ்ல பேசற தொனியே மாறிடும்.