ஐயா வீட்டைப் பிரித்த மூன்று வாரம்

போன தை மாதம் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வீட்டைப் பிரித்துவிட்டார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்க ஆறு வருடம் ஆனது. வீடு தரைமட்டமாக மூன்று வாரம் போதுமாக இருந்தது. இதேபோல வீட்டைக் கொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஐயாவுடைய அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்குக் கொடுத்துத் தொழில் செய்யப் போனவர். அந்தப் பணத்தில் 1920களில் கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு, என் இரண்டு கைக்கும் அடங்காது. வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்து' விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவுக்குள் கொட்டும், அப்பத்தா கிடாரங்களை வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். சுவரில் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரை வெயிலில் அதில் கன்னத்தை வைத்தால் மண்பானையைத் தொட்டதுபோல் இருக்கும். எனக்கு அந்த வீடு என்றால் அந்தக் குளிர்ச்சிதான்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நெல் வயல்களாகவே எங்களைப் போன்ற செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி அவர்களுடையது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மா விடுதலை பெற்றதும் நிலமெல்லாம் அரசுடைமை என்றார்கள். வீட்டைக் கட்டிய வருமானம் அத்தோடு நின்றது.

ஆனால் எங்கள் வீடு பர்மாவால் போகவில்லை, ஆளுக்கு ஒரு பங்கு என்று ஆனதால் போனது. நான்கு மகன்களின் வீடு என் தலைமுறையில் இருபத்து மூன்று புள்ளி, அதாவது இருபத்து மூன்று குடும்பம். நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து மேய வேண்டும். யார் செலவு? ஓர் அறையின் சாவி சிங்கப்பூரில், இன்னொன்று அமெரிக்காவில். ஒரு ஐப்பசி மழையில் மூன்றாங்கட்டு உட்கார்ந்தது. அப்போதும் நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டேதான் இருந்தோம்.

பிறகு ஒருநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கடை வாசலில் எங்கள் நிலைக்கதவு சாய்த்து வைத்திருந்தது. நிலையின் இடப்பக்கம் அப்பத்தா எண்ணெய்க் கையை ஊன்றி ஊன்றிக் கறுத்த இடம் அப்படியே இருந்தது. விலை கேட்க வாய் வரவில்லை.

மறுமொழி:

அண்ணே, நான் அந்தப் பக்கத்து ஆள். என் அப்பா தச்சர், முப்பது வருடமாக இந்த வீடுகளைப் பிரிக்கப் போகிறார். முதலில் ஓடு, பிறகு கைமரம், உத்திரம், தூண், கடைசியில்தான் நிலை. ஆணியே இருக்காது, எல்லாம் கழுந்தும் துளையும். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும், அதனால் கட்டியவன் எந்த வரிசையில் கோத்தான் என்று யோசித்து அதைத் தலைகீழாகச் செய்வார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பாதி உடைந்துதான் வரும். நீங்கள் சொன்ன அந்தச் சுவர்ப் பூச்சுக்கு மட்டும் விலையே கிடையாது. லாரியில் குப்பையாகப் போகும். அப்பா நிலையை எடுக்கும்முன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடம் ஏற்றுவார். "கட்டினதும் எங்க ஆளுக, பிரிக்கிறதும் நாங்க" என்று ஒருமுறை சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுமொழி:

எங்கள் வீடு கானாடுகாத்தானில் இன்னும் நிற்கிறது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடும் அன்றே புள்ளிக்கு இவ்வளவு என்று ஓட்டுச் செலவுக்கு வாங்கிவிடுவோம், வராதவர்கள் அனுப்பிவிட வேண்டும். என் மாமனார் காலத்து ஏற்பாடு. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியல் எந்த வீட்டையும் இடிக்காமல் தடுக்காது. கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், அந்த ஒரு வருடத்தில் ஓட்டை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். மழை உள்ளே வராவிட்டால் அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் எழுதியவர்:

ஆச்சி, இதைப் பத்து வருடம் முன்பு யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். தம்பி, உன் அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல். எங்கள் படைப்புப் பேழை இப்போது சென்னையில், என் அடுக்குமாடி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இந்த வருடப் படைப்பை எங்கே வைப்பது என்று இருபத்து மூன்று புள்ளியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.