டெர்மினலில் பேசுகிறது, கிரானில் போட்டால் ஊமை: பேட்டரி அளவைச் சொல்லும் ஸ்கிரிப்ட்

சாக்பீஸ்:
வணக்கம். எனக்குப் பார்வை கிடையாது. மடிக்கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ், திரைவாசிப்பான் ஆர்கா. சார்ஜர் செருகியிருக்கிறது என்று நம்பி வேலை செய்துகொண்டிருப்பேன். சுவரில் யாரோ சுவிட்சை அணைத்திருப்பார்கள். போன வாரம் பாதி அடித்த வினாத்தாள் அப்படித்தான் போனது. (சேமிக்காதது என் தப்புதான், அதைச் சொல்ல வேண்டாம்.)

அதனால் அரை மணிக்கு ஒரு தரம் நேரத்தையும் பேட்டரி அளவையும் கணினியே சொல்லட்டும் என்று இஸ்பீக்-என்ஜி என்ற பேச்சு நிரலை வைத்து ஒரு வரி எழுதினேன். அளவை /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/கெபாசிட்டி என்ற கோப்பிலிருந்து எடுக்கிறேன், நேரத்துக்கு டேட் கட்டளை. டெர்மினலில் அழகாகப் பேசுகிறது. அதே வரியை கிரான்டேபில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல்) போட்டால் மூச்சே இல்லை. இரண்டு நாளாகிறது.

ஒரு வேண்டுகோள்: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பதில்களை போனில் தமிழ்க் குரலில்தான் கேட்கிறேன், நடுவில் ஆங்கிலம் வந்தால் அது குளறுகிறது.

கேபிள்பெட்டி:
ஸ்பீக்கர் மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் சார்.

சாக்பீஸ்:
மியூட்டில் இருந்தால் ஆர்காவும் பேசாது, நான் இங்கே எழுதவும் முடியாது 🙂

பழைய_சர்வர்:
கிரான் ஒரு வேலையை ஓட்டும்போது பிழை வந்தால் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். வீட்டுக் கணினியில் மெயில் சர்வர் ஏது? அப்படியே தூக்கிப் போட்டுவிடும். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வரியின் கடைசியில் இதைச் சேருங்கள்: இரண்டு பெரிதுக்குறி, /டிஎம்பி/பேச்சு.லாக், இடைவெளி, 2, பெரிதுக்குறி, ஆம்பர்சண்ட், 1. அரை மணி காத்திருக்க வேண்டாம், நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடும்படி வைத்துவிட்டு அந்த லாக்கில் (பதிவுக் கோப்பில்) என்ன விழுகிறது என்று சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
சேர்த்தேன். பத்து நிமிடம் ஆகிவிட்டது. லாக் கோப்பே உருவாகவில்லை.

பழைய_சர்வர்:
கோப்பே இல்லையா? அப்படியானால் கிரான் அந்த வரியைக் கடைசி வரை படிக்கவே இல்லை. டேட் கட்டளை இருக்கும் பகுதியை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
டேட், இடைவெளி, ஒற்றை மேற்கோள், பிளஸ், சதவீதக் குறி, எச், இடைவெளி, சதவீதக் குறி, எம், ஒற்றை மேற்கோள்.

பழைய_சர்வர்:
மாட்டிக்கொண்டது. கிரான்டேபில் சதவீதக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. முதல் சதவீதக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டது என்று கிரான் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கட்டளைக்குத் தரும் உள்ளீடாக மாற்றிவிடும். நான் சேர்க்கச் சொன்ன லாக் பகுதியும் அதற்குப் பின்னால்தானே இருக்கிறது, அதுவும் கட்டளையை ஓட்டும் ஷெல்லைப் போய்ச் சேரவில்லை. இருபது வருடம் லினக்ஸ் ஓட்டுகிறவர்களும் இதில் ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள், நான் இரண்டு தடவை.

ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகும். ஆனால் எனக்கு அது பிடிக்காது. முழுவதையும் பேசு.எஸ்எச் என்று ஒரு கோப்பில் போட்டு, சிஎச்மாட் பிளஸ் எக்ஸ் கட்டளையால் ஓடும் அனுமதி கொடுத்துவிட்டு, கிரானில் அந்தக் கோப்பின் முழுப் பாதையை மட்டும் எழுதுங்கள். கோப்புக்குள் சதவீதக் குறி எத்தனை இருந்தாலும் தொல்லை இல்லை.

சாக்பீஸ்:
கோப்பில் போட்டேன். லாக் வந்துவிட்டது! ஆனால் ஒலிச் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று நாலைந்து வரி. சத்தம் இன்னும் இல்லை.

மஞ்சள்பை:
சார், கிரான்டேபை சூடோ போட்டா திறந்தீர்கள்?

சாக்பீஸ்:
ஆமாம். எதற்கும் இருக்கட்டும் என்று.

மஞ்சள்பை:
அதுதான் வினை. சூடோ போட்டால் அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கிரான்டேப். ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோ உங்கள் பெயரில் ஓடுகிறது, ரூட் வந்து கதவைத் தட்டினால் திறக்காது. அங்கிருந்து வரியை எடுத்துவிட்டு, சூடோ இல்லாமல் கிரான்டேப் -இ கொடுத்து உங்கள் கணக்கில் போடுங்கள்.

அப்போதும் பேசாமல் இருக்கலாம். நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கிற சூழல் மாறிகள் (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் அமைப்பு விவரங்கள்) கிரானுக்குக் கிடைக்காது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் போட்டு எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் என்பதை /ரன்/யூசர்/1000 என்று வையுங்கள், மாறியின் பெயர் மட்டும் முழுக்கப் பேரெழுத்தில். 1000 உங்கள் பயனர் எண். ஐடி -யூ கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், உபுண்டுவில் முதல் பயனருக்கு வழக்கமாக அதுதான்.

சாக்பீஸ்:
பேசிவிட்டது!! "மணி பதினாறு முப்பது, பேட்டரி எழுபத்தொன்று சதவீதம்." உங்கள் இருவருக்கும் ஒரு டீ கடன்.

உற்சாகத்தில் வெப்பநிலையையும் சேர்த்தேன், /சிஸ்/கிளாஸ்/தெர்மல்/தெர்மல்_ஸோன்0/டெம்ப் என்ற கோப்பிலிருந்து. "வெப்பம் ஐம்பத்திரண்டாயிரம் டிகிரி" என்கிறது. மேசை இன்னும் எரியவில்லை.

இன்னொன்று, ஆர்கா பேசிக்கொண்டிருக்கும்போதே இதுவும் பேசுகிறது. சந்தைக்கடை மாதிரி இருக்கிறது, இரண்டுமே புரியவில்லை.

பழைய_சர்வர்:
அந்தக் கோப்பு மில்லி டிகிரியில் சொல்லும். ஆயிரத்தால் வகுத்துவிட்டுப் பேச வையுங்கள். பேட்0 பக்கத்திலேயே ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் சார்ஜிங், டிஸ்சார்ஜிங் என்று ஆங்கிலத்தில் வரும். ஸ்கிரிப்டில் கேஸ் என்ற நிபந்தனைக் கட்டளை போட்டு "ஏறுகிறது", "இறங்குகிறது" என்று மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் சுவிட்ச் பிரச்சினைக்கு சதவீதத்தைவிட இதுதான் முக்கியம்.

மஞ்சள்பை:
சந்தைக்கடைக்கு மருந்து: இஸ்பீக்கை நேரடியாகக் கூப்பிடாதீர்கள். ஆர்கா பேசுவது ஸ்பீச் டிஸ்பேச்சர் வழியாக, பேச்சுகளை ஒழுங்குபடுத்துவது அதுதான். நீங்களும் அதே வழியில் போங்கள், கட்டளை எஸ்பிடி-சே. மொழிக்கு -எல் டிஏ. -பி (பெரிய பி) போட்டு முன்னுரிமை கொடுக்கலாம். அரை மணி அறிவிப்புக்கு நோட்டிஃபிகேஷன் போதும், ஆர்கா பேச்சோடு மோதினால் அதுவே விட்டுக்கொடுத்துவிடும். இருபதுக்குக் கீழே போய் இறங்கிக்கொண்டும் இருந்தால் மட்டும் இம்பார்ட்டன்ட், அது ஆர்காவையே நிறுத்திவிட்டுப் பேசும். எல்லாவற்றுக்கும் இம்பார்ட்டன்ட் போட்டுவிடாதீர்கள், அப்புறம் ஒரு பத்தியைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாது.

சாக்பீஸ்:
மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். நேற்று மாலை விடைத்தாள் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆர்காவை நிறுத்திவிட்டு "பேட்டரி பத்தொன்பது சதவீதம், இறங்குகிறது" என்றது. கையை நீட்டித் தடவினால் என் பிளக்கில் மிக்ஸி.

ஒரே ஒரு சிக்கல். ராத்திரி இரண்டு மணிக்கும் நேரம் சொல்கிறது. வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

கேபிள்பெட்டி:
இது எனக்குத் தெரியும் சார்! கிரான் வரியில் இரண்டாவது கட்டம் மணிக்கு. அங்கே நட்சத்திரத்தை எடுத்துவிட்டு 6-21 என்று போடுங்கள். இரவு ஒன்பதரைக்குக் கடைசியாகப் பேசிவிட்டு, காலை ஆறுக்குத்தான் வாயைத் திறக்கும்.