பணிப்பொழுது: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கிளினிக் நடத்துவோருக்காக மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் நேர விதிகளைத் தமிழில் ஓர் அறிவிப்புத் தாளாக எழுதித் தரும் பணியில் இருக்கிறேன். அதில் ஒரு சொல்லுக்காக இரண்டு வாரமாக உங்களை நான் தொல்லைப்படுத்தி வருகிறேன். இதுவரை வந்த முன்மொழிவுகள் அனைத்தையும், நான் முன்னர் அனுப்பியதையும் சேர்த்து, மறுபடி எண்ணிப் பார்த்தேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது பயன்படும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், 60ஏ பிரிவில், ஒருவரிடம் வாங்கக்கூடிய வேலைக்குப் பல வரம்புகளை விதிக்கிறது. குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வார வரம்பு முன்பு 48 ஆக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் 45 ஆயிற்று. இவை எல்லாருக்கும் தெரிந்தவை, தமிழில் சொல்வதும் எளிது. இவற்றோடு நிற்கும் இன்னொரு வரம்புக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. வேலையில் இறங்கிய நிமிடத்திலிருந்து எண்ணி, இடையில் வரும் சாப்பாட்டு நேரம், ஓய்வு, வெறுமனே காத்திருக்கும் நேரம் அனைத்தையும் உள்ளடக்கி, ஒரு நாளின் வேலை 10 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பதே அது. ஆங்கில மூலம் அந்தக் கால அளவை ‘spread over period’ என்கிறது.

எங்கள் ஊர் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் சிறு கிளினிக்குகள் பலவும் காலையில் திறந்து, நண்பகலில் மூடி, மாலையில் மறுபடி திறப்பவை. வேலை முடிந்து வரும் தோட்டத்து மக்கள் மாலையில்தான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்பதால் அந்த வழக்கம் நியாயமானதே. ஆனால் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் ஒருவரே இரு வேளையும் நிற்கிறார். காலை 9 முதல் 1 வரை, மாலை 5 முதல் 9 வரை என்றால் வேலை செய்த நேரம் சரியாக 8 மணி. 8 மணி வரம்பை மட்டும் கையில் வைத்துப் பார்க்கிறவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. வேலையில் இறங்கியதிலிருந்து வெளியேறும்வரை எண்ணினால் 12 மணி நேரம். வரம்பை 2 மணி நேரம் தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பல ஆண்டுகள் இப்படியே வேலை செய்தார். வீடு தோட்டத்தின் உள்ளே, பேருந்து கிடையாது. நண்பகலில் போய்த் திரும்ப வழியில்லாமல் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த 4 மணி நேரத்தை ஓய்வு என்று எழுதி வைத்திருந்தார்கள். சட்டம் அதையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தமிழில் சொல்வதற்குச் சொல்லும் இல்லை.

சொல் இல்லாததன் விலை பணமாகவும் வெளிப்படுகிறது. அந்த 10 மணி நேரம் முடிந்த பின்பும் வேலை நடந்தால், முடிந்த கணத்திலிருந்து அவர் வேலையை விடும்வரை உள்ள நேரம் முழுவதும் மிகுதிநேர வேலையாகவே கருதப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. மொத்த வேலை 8 மணி நேரத்தைத் தாண்டியதா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. மேற்சொன்ன பெண்ணுக்கு 10 மணி நேரம் இரவு 7க்கு முடிகிறது. 7 முதல் 9 வரை மிகுதிநேரம். மாதச் சம்பளம் 2,080 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 26ஆல் வகுக்க நாட்கூலி 80, அதை 8ஆல் வகுக்க மணிக்கூலி 10, மிகுதிநேரத்துக்கு ஒன்றரை மடங்காக மணிக்கு 15 ரிங்கிட் வரும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு இந்த மிகுதிநேர ஊதிய விதி பொருந்தாது. ஆனால் நேர வரம்புகள் அவர்களுக்கும் உண்டு என்பதை முதலாளிகள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். கிள்ளான் நண்பர் அனுப்பிய ‘பரவல் நேரம்’ மூலச் சொல்லின் உருவை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கிளினிக் சுவரில் ‘பரவல் நேரம் 10 மணி’ என்று ஒட்டினால் நோய் பரவுவதைப் பற்றிய எச்சரிக்கை என்றுதான் படிப்பவர் எண்ணுவார். கோவை ஐயா சொன்ன ‘பணிவீச்சு’ புள்ளியியலில் பழகிய சொல். சிறுமதிப்புக்கும் பெருமதிப்புக்கும் இடையிலுள்ள தொலைவை வீச்சு என்கிறோம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள தொலைவே இங்கும் அளக்கப்படுகிறது. கருத்தளவில் இதுவே மிக நுட்பமான முன்மொழிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கோ ஐந்தோ முடித்துவிட்டு மருந்தகத்தில் நிற்கும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு தெளிவும் வரவில்லை. நான் அனுப்பிய ‘பணிநாள் நீளம்’ அவருக்கு உடனே புரிந்தது. அதன் குறை மிகுதிநேர விதியை எழுதும்போதுதான் தெரிந்தது. அந்த விதிக்கு, முடியக்கூடிய ஒன்றின் பெயர் வேண்டும். நீளம் என்பது அளவு. அது இத்தனை என்று இருக்குமே தவிர, மாலையில் முடியாது.

தொடங்கவும் வேண்டும், முடியவும் வேண்டும், இடையில் என்ன நடந்தாலும் எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்ளவும் வேண்டும். இப்படிப்பட்ட சொல் தமிழில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது, கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணே முன்பு என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது: “பொழுதுக்கும் கிளினிக்லயே கெடக்கறேன் ஐயா.” வேலை செய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. பொழுது முழுவதும் அங்கே கிடக்கிறேன் என்றார். சட்டம் அளக்க முயல்வது அதைத்தான். ஆகவே ‘பணிப்பொழுது’ என்பதை முன்மொழிகிறேன். பணிநேரம் 8, பணிப்பொழுது 10. ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கும் என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புலப்படுகிறது. பணிப்பொழுது தொடங்கும், முடியும், வரம்பைத் தாண்டும். வினைகள் எல்லாம் இயல்பாக ஒட்டுகின்றன.

பொழுதும் நேரமும் ஒரே பொருளுடையவை அல்லவா என்று தைப்பிங் ஆசிரியை அம்மா கேட்பார் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் பேசியபோதே அவர் அதைத் தொட்டார். பேச்சில் அவை கலந்துதான் வருகின்றன. நிறையும் எடையும் அப்படித்தான் கலந்து வந்தன. அறிவியல் பாடநூல்கள் ஒன்றைப் பொருளின் அளவுக்கும் மற்றொன்றைப் புவி இழுக்கும் விசைக்கும் ஒதுக்கிய பிறகு நாம் பழகிக்கொண்டோம். மேலும், பொழுது என்றால் பகல் என்று கொள்ள வேண்டியதில்லை. இலக்கணம் வகுத்த சிறுபொழுதுகளில் யாமமும் வைகறையும் உண்டு; இரவில் விழித்திருக்கும் தாதிக்கும் ஒரு பொழுது உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். காலையும் மாலையும் ஒருவரே வருவதை எங்கள் ஊரில் ‘ரெண்டு ஷிஃப்ட்’ என்கிறார்கள். சட்டத்தில் ஷிஃப்ட் வேலை என்பது, இயல்பாகவே இடைவிடாது நடக்க வேண்டிய ஒரு வேலையை இரண்டோ அதற்கு மேற்பட்டோ முறைகளாகப் பிரித்துச் செய்வது. மருத்துவமனை வார்டு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு நாளில் 8 மணி நேரத்தையும் ஒரு வாரத்தில் 45 மணி நேரத்தையும் தாண்டலாம், மூன்று வாரச் சராசரி வாரத்துக்கு 45ஐத் தாண்டாதவரை. இந்தத் தளர்வைக் கிளினிக் முதலாளி தமக்கும் உரியது என்று எண்ணிவிடாதிருக்க, சட்டச் சொல்லுக்குச் ‘சுழல்முறைப் பணி’ என்றும், இடையில் பிளந்த நாளுக்குப் ‘பிரிபொழுது’ என்றும் தாளில் எழுதியிருக்கிறேன். பின்னதும் பொழுது என்ற வேரிலிருந்தே கிளைப்பது எனக்குக் கூடுதல் மனநிறைவு.

தாளின் தலைப்பில் ‘சட்ட இணக்கம்’ என்பதற்குப் பதிலாக ஏன் ‘சட்டக் கடைப்பிடிப்பு’ என்று போட்டேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவில் இணக்கம் என்றால் இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வருவது. தொழிலாளர் வழக்குகளில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. சட்டத்தின் வரம்பு, முதலாளியும் வேலையாளும் பேசித் தளர்த்திக்கொள்ளக் கூடியதன்று. கடைப்பிடித்தலோ, திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்திலேயே “அற்றது அறிந்து கடைப்பிடித்து” என்று வருகிற சொல். கிளினிக் சுவருக்கு அந்நியமானதன்று.

அறிவிப்பில் இடம்பெறவுள்ள வாக்கியத்தைக் கீழே தருகிறேன். சொல்லிலோ அமைப்பிலோ குறை கண்டால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குப் போகிறது.

“நீங்கள் வேலையில் இறங்கிய நேரத்திலிருந்து உங்கள் பணிப்பொழுது தொடங்குகிறது. சாப்பாட்டு நேரமும் ஓய்வு நேரமும் அதில் அடங்கும். 10 மணி நேரத்தில் அது முடிகிறது. அதன் பிறகு செய்யும் வேலை மிகுதிநேர வேலையாகும்.”