கிடார் பிக்கப் மாற்ற வேண்டும், வேலூர் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, நான் காட்பாடி. என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிடார், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மூன்றுமே சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். கழுத்தும் ஃபிரெட்டும் அருமையாக இருப்பதால் கிடாரையே மாற்ற மனமில்லை. தொல்லை இரைச்சல்தான். ஆம்பில் கெயினை (சிக்னல் பெருக்கத்தை) கொஞ்சம் ஏற்றினால் போதும், கரண்டு ‘ம்ம்ம்’ என்று பாட ஆரம்பித்துவிடும். போன ஞாயிறு சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது என் ஆம்ப் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பாஸ்டர் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிக்கப் தேர்வு சுவிட்சை 2 அல்லது 4-ல் (நடு பிக்கப்போடு பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேரும் இடம்) வைத்தால் சத்தம் அடங்குகிறது. நடு பிக்கப் மட்டும் எதிர்ச் சுற்று, எதிர்த் துருவம் போலிருக்கிறது, அதனால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) பக்கம் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர் ஒன்று போடலாம் என்று யோசனை. பெரிய ஹம்பக்கருக்காக மரத்தைக் குடையத் துணிவில்லை.

குழப்பம் இங்கேதான். இப்போது இருப்பது 250கே பாட் (வால்யூம், டோன் திருகுகளுக்கு அடியில் இருக்கும் 250 கிலோ ஓம் மின்தடை). ஹம்பக்கருக்கு 500கே போடுவார்கள். ஆனால் வால்யூம் ஒன்றுதானே, மாற்றினால் மற்ற இரண்டும் கீச்சென்று ஆகிவிடாதா? இப்படிக் கலந்து வைத்திருப்பவர்கள் என்ன செய்தீர்கள்?

அப்புறம், வேலூர், சத்துவாச்சாரி பக்கம் கிடாரைத் திறந்து பழகிய ஆள் யாராவது உண்டா? தெருமுனை டிவி மெக்கானிக் அண்ணன் சால்டரிங் நான் வைக்கிறேன் என்கிறார், எனக்குத்தான் பயம். இல்லையென்றால் கிடாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதுதான். பட்ஜெட் கூலியோடு 5,000 ரூபாய்.