பெனியனில் இயேசு பெயர், கையில் சிவப்பு அட்டை: பெடியளுக்கு என்ன சொல்வது?

ஓரக்கோட்டு மாமா எழுதியது:

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கழகத்தின் 17 வயதுக்குட்பட்ட அணிக்கு உதவியாக இருக்கிறேன். பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பந்துக்குக் காற்றடிப்பது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, மச் முடிந்ததும் பெடியளை வானில் ஏற்றி வீடு வீடாக விடுவது, இதுதான் நம்ம உத்தியோகம். அணியில் பாதிப் பேர் வேதக்காரர், பாதிப் பேர் சைவம். இதுவரை அதை யாரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை, எண்ணத் தேவை வந்ததும் இல்லை.

போன கிழமை ஒரு மச். சமநிலையில் இழுத்துக்கொண்டு போய், முடிகிற நேரத்தில் எங்கள் இடது பக்கத்துப் பெடியன் ஒரு கோல் போட்டான். நல்ல கோல்தான், மறுக்க ஏலாது. போட்ட வேகத்தில் மூலைக் கொடியடிக்கு ஓடி, ஜேர்சியைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். உள்ளே வெள்ளைப் பெனியன். அதில் நீல மார்க்கர் பேனையால் 'நான் இயேசுவுக்குச் சொந்தம்' என்று எழுதியிருந்தது. வியர்வையில் மை ஊறி, கடைசி எழுத்துகள் வயிறு வரைக்கும் வழிந்து கிடந்தன. நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்தார். அவனுக்கு முதல் பாதியிலேயே ஒரு மஞ்சள் கிடைத்திருந்தது, அதனால் அடுத்ததாகச் சிவப்பு. மிச்ச நேரம் பத்துப் பேரோடு தடுமாறி ஒரு கோல் வாங்கி, வெல்ல வேண்டிய மச்சைச் சமன் செய்துவிட்டு வந்தோம்.

அது போகட்டும். வானில் வரும்போது எங்கள் பந்துக்காப்பாளர், அவன் சைவப் பெடியன், பின் சீற்றில் இருந்து கேட்டான்: "மாமா, அவன் இயேசு என்று எழுதலாம் என்றால் நான் சந்நிதி முருகா என்று எழுதினால் என்ன?" நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டி விட்டேன்.

கோல் போட்டவனைக் கேட்டால் "லிவர்பூல் கக்போ செய்தார்தானே" என்கிறான். எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அதைவிட முக்கியமாக, பெரிய ஆட்டக்காரர் கமராவுக்கு முன்னால் செய்வதைப் பார்த்துவிட்டு நம்ம பெடியள் செய்வதை விசுவாசம் என்று எடுப்பதா, ஸ்டைல் என்று எடுப்பதா? விட்டுவிடவா, நிற்பாட்டவா?

---

விசில்காரன்:

மாமா, நடுவரில் பிழை இல்லை. ஆனால் அவர் அட்டை காட்டியது இயேசுவுக்காக அல்ல, ஜேர்சியைக் கழற்றியதற்காக. 12ஆம் விதி அது. உள்ளே ஒன்றும் எழுதாத வெறும் பெனியன் இருந்தாலும் மஞ்சள்தான், கோல் செல்லாது என்று பிறகு அறிவித்தாலும் மஞ்சள் மஞ்சளேதான். கக்போவுக்கும் அதே நடந்தது. 2025 ஏப்ரல் 27, ஆன்ஃபீல்டில் ரொட்டன்ஹாமை 5-1 என்று அடித்து லிவர்பூல் கிண்ணத்தை உறுதி செய்த நாள், மூன்றாவது கோலைப் போட்டுவிட்டு ஜேர்சியைக் கழற்றி அதே வாசகத்தைக் காட்டினார், மஞ்சள் அட்டையும் வாங்கினார். உங்கள் பெடியன் காணொளியை அட்டை வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிற்பாட்டிவிட்டான் போல.

எழுத்துக்கு வேறு விதி, 4ஆம் விதி. அரசியல், மதம், சொந்த விஷயம் எதுவானாலும் சுலோகமோ படமோ உடுப்பில் இருக்கக்கூடாது, உள் உடுப்பில் இருந்தால் அதைத் திறந்து காட்டக்கூடாது. 2014 ஜூனிலிருந்து இது இறுக்கமாக வந்தது. இதற்குத் தண்டனை கொடுப்பது நடுவர் அல்ல, போட்டியை நடத்துகிறவர்களோ சங்கமோதான், நாங்கள் அறிக்கையில் எழுதுவதோடு சரி. அதனால் உங்கள் பந்துக்காப்பாளருக்குப் பதில் சுலபம். முருகனுக்கும் இயேசுவுக்கும் அல்லாவுக்கும் ஒரே விதி. 'அம்மா பிறந்தநாள் வாழ்த்து' என்று எழுதினாலும் அதே விதிதான்.

சிலுவை அடையாளம் போடுவது, முழந்தாளிடுவது, வானத்தைப் பார்த்து விரல் நீட்டுவது, இதற்கெல்லாம் விதியே இல்லை. ஆட்டத்தைத் தாமதிக்காத வரை நான் விசில் ஊத மாட்டேன். பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிரூ கையில் வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தை லத்தீனில் பச்சை குத்தி வைத்திருக்கிறார், தோல் உபகரணம் இல்லை, அதுவும் எங்களுக்குக் கணக்கில்லை.

---

கரையோரத்து அம்மா:

ஸ்டைலா விசுவாசமா என்று கேட்கிறீர்கள். 16 வயதில் இரண்டும் தனித்தனியாக இருக்குமா தம்பி?

நான் குருநகர்ப் பக்கம். எங்கள் பக்கத்திலும், பாசையூர், நாவாந்துறையிலும் கோயிலும் பந்தும் ஒரே முற்றத்தில்தான் வளர்ந்தவை. பூசை முடிந்து வந்த உடுப்போடு பந்தை உதைத்த பிள்ளைகள்தான் பிறகு துரையப்பா அரங்கில் ஆடினார்கள். கோட்டுக்குள் கால் வைக்கும்போது குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடாத பெடியனை இங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும். இதைப் பிரேசில் ஆட்டக்காரர் காக்காவோ நெய்மாரோ வந்து சொல்லித் தரவில்லை. அந்த மண்ணைத் தொடுவதைச் சைவப் பிள்ளைகளும் செய்வார்கள், தொட்ட விரல் கண்ணுக்குப் போகும், எங்கள் பிள்ளைகளுக்கு நெற்றிக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், கரையோரத்து இரண்டு பங்கும் இறுதிப் போட்டியில் மோதினால் இரண்டு பக்கமும் அந்தோனியாரைத்தான் கூப்பிடும். பெனால்ரி வந்தால் அடிக்கிறவனும் சிலுவை போடுவான், மறிக்கிறவனும் போடுவான். பாவம் அந்தோனியார், தொலைந்ததைத் தேடிக் கொடுப்பதா, கோல் மறிப்பதா!

ஆனால் ஒன்று சொல்கிறேன், சும்மா "மனதுக்குள் வைத்திரு" என்று அவனுக்குச் சொல்லாதீர்கள். காக்கா 18 வயதில் நீச்சல் தடாகத்தில் விழுந்து முதுகெலும்பு உடைந்து, நடப்பாரோ என்று பயந்த நிலையிலிருந்து எழும்பி வந்தவர். 2007இல் மிலான் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற இரவில் முழந்தாளிட்டு 'நான் இயேசுவுக்குச் சொந்தம்' என்ற அதே வாசகம் உள்ள ரீசேட்டைக் காட்டினார் என்றால், எல்லாரும் பார்க்கவேண்டும் என்றுதான் காட்டினார். சாட்சி சொல்வது என்றால் அதுதானே. விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் மூடி வைக்கச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. முஸ்லிமான சாலா கோல் போட்டால் நெற்றி நிலத்தில் பட வணங்குகிறார், அதைப் பார்த்து யார் கெட்டுப்போனார்கள்? அலிசன் பெக்கரைப் பாருங்கள், 2021 பெப்ரவரியில் தகப்பன் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனார், செத்த வீட்டுக்கு பிரேசிலுக்குப் போகக்கூட முடியவில்லை, கொரோனாக் காலம். மே மாதம் வெஸ்ட் ப்றோமுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில், பந்துக்காப்பாளர், மற்றப் பக்கம் ஓடிப்போய்த் தலையால் கோல் போட்டார். போட்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவரிடம் போய் விதி சொல்ல மனம் வருமா?

---

சும்மா ஒரு சைவன்:

அம்மா சொன்னதற்கு மரியாதையோடு ஒரு எதிர்ப்பேச்சு. மரக்கால் வசனத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, சந்தியில் நின்று ஆட்கள் பார்க்கச் செபம் செய்யாதே, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் செய் என்றும் அதே இயேசு சொல்லியிருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த புண்ணியத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எனக்கு மதத்தோடு பிரச்சினை இல்லை, கமராவோடுதான். முன்பு ஆட்டக்காரன் கும்பிட்டால் பக்கத்தில் நின்ற ஐந்து பேருக்குத்தான் தெரியும். இப்போது கும்பிடும்போது எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அவனுக்கே தெரியும். 2015 பேர்லின் இறுதிப் போட்டியில் பார்சிலோனா வென்ற பிறகு நெய்மார் '100% இயேசு' என்ற பட்டியை நெற்றியில் கட்டிக்கொண்டு கிண்ணத்தோடு நின்றார், அடுத்த வருஷம் மரக்கானாவில் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தோடும் அதே பட்டி. நான் அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாது, உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தோற்ற இரவில் அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவர் ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை.

இன்னொன்று. 2009 கொன்ஃபெடரேஷன் கிண்ணத்தில் பிரேசில் அணி அமெரிக்காவை 3-2 என்று வென்றுவிட்டு நடு மைதானத்தில் முழு அணியும் வட்டமாக முழந்தாளிட்டுச் செபம் செய்தது. டென்மார்க் சங்கம் ஃபீஃபாவிடம் முறையிட்டது, ஃபீஃபாவும் பிரேசிலுக்கு ஞாபகப்படுத்திக் கடிதம் போட்டது. அப்போது பலர் டென்மார்க்காரரைத் திட்டினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அந்த அணியில் விருப்பமில்லாத ஒருவன் இருந்திருந்தால் அந்த வட்டத்தில் இருந்து எழும்பிப் போயிருக்க முடியுமா? தனி ஆள் செய்வது அவன்பாடு. அணியே செய்தால் சேராதவன் வெளியாள். மாமா, உங்கள் பந்துக்காப்பாளர் கேட்டதற்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

---

கிளாஸ்கோ குளிர்:

ஊரில் இருக்கும்போது நானும் கோட்டைத் தொட்டுச் சிலுவை போட்டு இறங்கியவன்தான், ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் அதே கையசைவு சண்டைக்குக் கூப்பிடுவதாகவும் ஆகலாம் என்று கண்டேன்.

இங்கே இரண்டு பெரிய கழகம், செல்ரிக் கத்தோலிக்கர் பக்கம், றேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்துப் பக்கம், நூறு வருஷத்துக்கு மேலான பகை. செல்ரிக்கின் போலந்துப் பந்துக்காப்பாளர் ஆர்தர் பொறூக் 2006இல் றேஞ்சர்ஸ் மைதானத்தில், அவர்களுடைய ஆதரவாளர்களுக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டார். பொலிஸ் விசாரித்து, வழக்குப் போடாமல் அரச தரப்பிலிருந்து எழுத்தில் எச்சரிக்கை வந்தது. "சிலுவை போட்டால் குற்றமா" என்று ஊரே கொதித்தது, கத்தோலிக்கத் திருச்சபையும் வருத்தம் தெரிவித்தது. பிறகு அரச தரப்பு விளக்கம் சொன்னது, சிலுவைக்காக அல்ல, கூட்டத்தைப் பார்த்துக் காட்டிய மற்றச் சைகைகளுக்காக என்று. நம்புவதும் நம்பாததும் அவரவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எனக்கு விளங்கியது, கை ஒன்றுதான், முகம் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 கடைசியில் நடந்ததும் அப்படித்தான். இங்கிலாந்தில் தன்பாலினத்தவருக்கு ஆதரவாக எல்லா அணித் தலைவர்களும் வானவில் கைப்பட்டி கட்டுகிற வாரம். கிறிஸ்டல் பலஸ் தலைவர் மார்க் கெஹி, போதகரின் மகன், அந்தப் பட்டியிலேயே 'நான் இயேசுவை நேசிக்கிறேன்' என்று எழுதிக் கட்டினார். சங்கம் விதியை ஞாபகப்படுத்தியது. அடுத்த மச்சில் 'இயேசு உங்களை நேசிக்கிறார்' என்று எழுதி வந்தார்! தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த இரண்டாவது மச்சில் எதிரணி இப்ஸ்விச், அதன் தலைவர் சாம் மோர்சி முஸ்லிம், அவர் வானவில் பட்டியைக் கட்டவே இல்லை. கட்டாமல் விட்டதற்கு விதியில் ஒன்றும் இல்லை, எழுதிக் கட்டியதற்கு விதி இருந்தது. பட்டியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளுக்கு கெஹி எழுதியது அன்பாகத் தெரிந்திருக்குமா, தன்னுடைய ஒரே ஒரு வாரத்தின் மேல் எழுதினதாகத் தெரிந்திருக்குமா? எழுதினவர் அன்பாகத்தான் எழுதினார் என்று நானும் நம்புகிறேன், ஆனாலும் கேள்வி கேள்விதான்.

---

கரையோரத்து அம்மா:

கிளாஸ்கோத் தம்பி, யோசிக்க வைக்கிறீர். எங்கள் மச்சுகளிலும் கோல் போட்டுவிட்டு எதிர்ப் பக்கத்துச் சனத்துக்கு முன்னால் போய் நின்று சிலுவை போட்டுச் சண்டை தொடங்கினதைக் கண்டிருக்கிறேன். அது செபம் இல்லை, அதை நானும் செபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாமாவின் பெடியன் மூலைக் கொடியடியில் தன்பாட்டில்தானே ஆடினான். சந்தோஷத்தில் செய்த பிள்ளையை வையாதீர்கள்.

சைவன் தம்பிக்கு: தோற்ற இரவில் பட்டி கட்டாவிட்டாலும், தோற்ற இரவில் கோயில் வாசலில் வந்து இருந்த பெடியளை எனக்குத் தெரியும். அங்கே கமரா இல்லை, அதனால் நீங்கள் காணவில்லை.

---

சும்மா ஒரு சைவன்:

அந்த அடி எனக்குப் பட்டது. ஆனால் வட்டம் பற்றிச் சொன்னதை விட மாட்டேன்.

---

ஓரக்கோட்டு மாமா:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பயிற்சி முடிந்து பெடியளை இருத்திவைத்துக் கதைத்தேன். உடுப்பில் எழுத்து வேண்டாம், எந்தச் சாமியும் வேண்டாம், அது விதி, அதில் கதை இல்லை என்று சொல்லிவிட்டேன். மண்ணைத் தொடுவது, சிலுவை, கும்பிடு, யாருக்கு எது வருமோ அது, ஆனால் எதிரணிச் சனத்தின் முகத்துக்கு நேரே போய் ஒன்றும் செய்யக்கூடாது. மச்சுக்கு முன் வட்டமாக நின்று செபம் சொல்கிற வழக்கம் எங்களிடமும் இருந்தது, ஒருவன் சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். சைவன் தம்பி எழுதியதைப் படித்த பிறகு பந்துக்காப்பாளரிடம் தனியாகக் கேட்டேன். "நான் அந்த நேரம் கையுறையை இறுக்கிக் கட்டுவேன் மாமா" என்றான். இனிமேல் வட்டம் இருக்கும், சத்தம் இருக்காது, அரை நிமிஷம் அவரவர் தங்கள் மனதில் நினைப்பதை நினைக்கட்டும் என்று முடிவு. கோல் போட்டவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். பரவாயில்லை, இரண்டு நாளில் இறங்கும்.

விசில்காரன் அண்ணை, ஒரு சந்தேகம். ஒருவன் கழுத்தில் சிலுவைச் சங்கிலி, இன்னொருவன் கையில் கோயில் நூல். பிளாஸ்டர் ஒட்டி மறைத்தால் சரியா?

---

விசில்காரன்:

சரியில்லை. நகை எதுவானாலும் கழற்றவேண்டும், பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதும் ஏலாது என்று விதியிலேயே இருக்கிறது. இது மதத்துக்காக அல்ல, சங்கிலி இழுபட்டால் கழுத்து வெட்டும். நூலை நான் நகையாகப் பார்ப்பதில்லை, ஆனால் இன்னொரு நடுவர் வெட்டிவிட்டு வா என்பார், அவரோடு நின்று வாதாட முடியாது, அதனால் முதலே கேட்டு வையுங்கள். சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். காலுறைக்குள் ஒளித்து வைக்கிற வேலையும் வேண்டாம், அதையும் தடவிப் பார்ப்போம்.