கலைச்சொல் வேண்டும்: புராஸ்பெக்டிவ் மெமரி, ஃபால்ஸ் மெமரி

நா. (திருச்சி), திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். இளநிலை உளவியல் தமிழ்வழி வகுப்புக்கான பாடக்குறிப்பை வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் வண்டி நிற்கிறது.

முதலாவது, செய்ய நினைத்ததை உரிய வேளையில் தானாக நினைத்துக்கொள்வது. 1990-இல் ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் செய்த சோதனை வகுப்பில் வருகிறது. (கில்ஸ் ஐன்ஸ்டைன். "அந்த ஐன்ஸ்டைனா மேடம்?" என்று ஆண்டுதோறும் ஒருவர் கேட்கிறார்.) திரையில் வரும் சொற்களை மனத்தில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவில் குறிப்பிட்ட ஒரு சொல் வந்தால் ஒரு விசையை அழுத்த வேண்டும். அழுத்தச் சொல்லி யாரும் நினைவூட்ட மாட்டார்கள். "அக்கா வந்தால் சாவியைக் கொடு" என்பது ஒரு வகை, "ஐந்து மணிக்கு மோட்டாரை நிறுத்து" என்பது இன்னொரு வகை.

இரண்டாவது, நடக்காததை நடந்ததாக நினைவுகொள்வது. ரோடிகர், மெக்டெர்மட் 1995-இல் செய்ததைத் தமிழில் செய்து பார்த்தேன். கட்டில், பாய், தலையணை, கனவு, கொட்டாவி, குறட்டை என்று பட்டியல் வாசித்தேன். எழுதச் சொன்னால் பாதிப் பேர் தாளில் "தூக்கம்" இருக்கிறது. நான் வாசிக்கவே இல்லை. "உங்க குரல்லயே கேட்டேன் மேடம்" என்று ஒரு மாணவி சாதித்தாள்.

வரைவில் "வருங்கால நினைவு", "பொய்நினைவு" என்று போட்டிருக்கிறேன். இரண்டும் எனக்கே ஒப்பவில்லை.

இரா. மு. (கோவை), திங்கள் நள்ளிரவு

அம்மா, வருங்கால நினைவு என்றால் நாளைக்கு வரப்போகிற நினைவு என்று பொருள்படும். சொல்லுக்கு ஏன் அலைய வேண்டும்?

உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான்
உள்ளியது உள்ளப் பெறின்.

குறள் 540. எண்ணியதை மறவாமல் எண்ண முடிந்தால் அடைவது எளிது. மெக்டேனியல் சொல்வதும் இதுதானே? "உள்ளுகை" என்று வையுங்கள். தவறினால் "பொச்சாப்பு", அதாவது மறதி. அதிகாரத்தின் பெயரே பொச்சாவாமை.

நா., செவ்வாய் காலை

ஐயா, குறளை வகுப்பில் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் பொச்சாப்பு என்று கரும்பலகையில் எழுதினால் முதல் இரண்டு எழுத்திலேயே பின்வரிசை சிரித்துவிடும். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

சி. க. (யாழ்ப்பாணம்), செவ்வாய்

எங்கட பக்கம் கனபேர் ஞாபகம் என்றுதான் சொல்லுவினம். "செயல் ஞாபகம்" என்றால் அம்மம்மாவுக்கும் விளங்கும்.

இரா. மு., செவ்வாய்

> செயல் ஞாபகம்

ஞாபகம் வடசொல். நினைவு இருக்க அது எதற்கு?

சி. க., செவ்வாய்

ஐயா, தொல்காப்பியர் உத்தி வகையிலேயே "ஞாபகம் கூறல்" இருக்குது. அங்கே அது நினைவு என்ற பொருளில் இல்லை, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அவர் விலக்காத சொல்லை நாங்கள் ஏன் விலக்க வேணும்?

(இதன் பிறகு ஞகரம் மொழிமுதலாவது பற்றி ஒன்பது மடல்கள். அச்சகம் திறந்தே இருக்கிறது. – நா.)

வே. (சென்னை), செவ்வாய் இரவு

மொழிபெயர்ப்பை வைத்துத்தான் சோறு தின்கிறேன், அதனால் சுருக்கமாக. செயல் ஞாபகம், செயல்நினைவு இரண்டும் ஆகாது. சைக்கிள் ஓட்டுவதை உடம்பு மறக்காமல் இருக்கிறதே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். "செய்நினைவு" எப்படி? சின்னச் சொல், வாயிலும் நிற்கும்.

இரா. மு., செவ்வாய் நள்ளிரவு

செய்நினைவு வினைத்தொகை. "காலம் கரந்த பெயரெச்சம்" என்கிறது நன்னூல். செய்த நினைவு, செய்கின்ற நினைவு, செய்யும் நினைவு என்று முக்காலத்துக்கும் விரியும். இனிச் செய்ய வேண்டியதைக் குறிக்கவே ஒரு சொல் கேட்கிறார்கள், நீங்கள் காலத்தை ஒளித்துவைத்த சொல்லைக் கொடுக்கிறீர்கள்.

நா., புதன் காலை

ஐயா குறை என்று சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்று வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டேன். கேஸ் சிலிண்டரை மூடினேனா, மூட வேண்டும் என்று நினைத்தேனா? ரெகுலேட்டரில் கை வைத்தது கண்முன் நிற்கிறது, ஆனால் அது இன்றையதா முந்தாநாளையதா என்று சொல்ல முடியவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடித்தான் இருந்தது.

கோஃப், ரோடிகர் 1998-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். பல்குச்சியை ஒடிப்பது போன்ற சில்லறைச் செயல்கள். சிலவற்றைச் செய்யச் சொன்னார்கள், சிலவற்றைக் கற்பனை மட்டும் செய்யச் சொன்னார்கள். பிறகு இன்னொரு நாள் திரும்பத் திரும்பக் கற்பனை செய்யவைத்தார்கள். கற்பனை செய்த தடவை கூடக்கூட, செய்யாததைச் செய்ததாகச் சொல்வதும் கூடியது. செய்ய நினைத்தது, செய்ததாகவே பதிந்துவிடுகிறது. என் இரண்டு சொற்களும் தொட்டுக்கொள்ளும் இடம் இது. அங்கே மனமும் காலத்தைக் கரந்துதானே வைக்கிறது?

வே., புதன்

அழகுதான் மேடம். ஆனால் தேர்வில் "செய்நினைவு என்றால் என்ன?" என்று கேட்டால் பையன் செய்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவான். பாடத்தில் ரெட்ரோஸ்பெக்டிவ் மெமரியும், அதாவது நடந்ததை நினைவுகொள்வதும், வருமே? "பின்னோக்கு நினைவு", "முன்னோக்கு நினைவு" என்று ஜோடியாகப் போட்டுவிடுங்கள்.

சி. க., புதன்

முன்னோர் இறந்தவர்கள், முன்னேற்றம் இனி வாறது. எந்த முன்?

இரா. மு., புதன் இரவு

சி. க. கேட்டது நல்ல கேள்வி. ஆனால் முன்னுதல் என்றாலே பழந்தமிழில் கருதுதல். செய்யுள் உறுப்புகளில் வரும் "முன்னம்" எது? இதே வேர். ஆகவே "முன்னுகை" என்றால் எண்ணமும் ஆகும், எதிர்காலமும் ஆகும்.

வே., புதன் இரவு

ஐயா, திங்கள்கிழமை உள்ளுகை, இன்று முன்னுகை. வியாழனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அடுத்த சொல்லுக்குப் போவோம். பொய்நினைவு யாருக்கும் தெரிந்த சொற்கள்தானே, இருக்கட்டுமே.

நா., புதன் இரவு

கூடாது. லாஃப்டஸும் பால்மரும் 1974-இல் கார் விபத்துப் படம் காட்டினார்கள். "கார்கள் நொறுங்க மோதியபோது" எவ்வளவு வேகம் என்று சிலரைக் கேட்டார்கள், "இடித்தபோது" என்று சிலரை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நொறுங்கலைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இடித்ததைக் கேட்ட 50 பேரில் 7 பேர். இந்த 16 பேரும் பொய்யர்களா? நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி குற்றம். இவர்களைக் கூண்டில் ஏற்றினால் மனமறிந்து உண்மையென்றே சொல்வார்கள்.

இரா. மு., வியாழன் விடியல்

பொய் என்றால் உள்ளீடு இல்லாதது என்றும் பொருள் கொள்ளலாம். பொய்கையை அந்த வழியில் விளக்குவோர் உண்டு. ஆனாலும் பொய்ச்சாட்சி வாதத்துக்கு நான் பணிகிறேன். "போலிநினைவு" என்று வையுங்கள். அறம் என்பது அறன் என்று வந்தால் கடைப்போலி. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்த எழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து, அதுவாகவே நடக்கிறது.

சி. க., வியாழன்

போலி டாக்டர், போலிக் காணி உறுதி என்று பேப்பரில வாறதும் இந்தப் போலிதானே. பிறழ்நினைவு?

வே., வியாழன்

பிறழ்வு என்றால் மனப்பிறழ்வு. நோயாளி ஆக்கிவிடுவார்கள். போலிக்கு என் கை.

நா., வியாழன் மதியம்

முன்னோக்கு நினைவுக்கு ஆறு பேர், செய்நினைவுக்கு என்னையும் சேர்த்து இரண்டு பேர், உள்ளுகைக்கு ஐயா ஒருவர். போலிநினைவுக்கு ஐந்து. சி. க. உடன்படவில்லை. இப்படியே போடுகிறேன். உள்ளுகையையும் குறளையும் அடிக்குறிப்பில் கட்டாயம் சேர்க்கிறேன், ஐயா.

நா., அடுத்த செவ்வாய்

நகல்கள் வந்துவிட்டன. அட்டை நன்றாக இருக்கிறது. ஐயா, அந்த அடிக்குறிப்பு விட்டுப்போயிற்று. கோப்பை அனுப்பும் வேளையில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். சேர்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும்.

இரா. மு., செவ்வாய்

நினைப்பவர் போன்று நினையார்கொல். குறள் 1203. அடுத்த சொல் தும்மல், மீதியைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.